ஒரு லிட்டர் தண்ணீர்

ஏப்ரல் 3

எங்கள் தெருப் பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது உப்பு அல்ல, உப்பளத்து முதலாளி.

இதைச் சொன்னால் எல்லோரும் வெயிலைக் காட்டுகிறார்கள். வெயில் ஆண்களுக்கும்தான் அடிக்கிறது. அவர்கள் வேண்டுமட்டும் குடித்துவிட்டு வரப்போரம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் காலை ஐந்து மணிக்கு அளத்தில் இறங்கினால் பன்னிரண்டு மணிக்குக் கரையேறும்வரை தண்ணீர் தொடுவதில்லை. நாலாபுறமும் தட்டையான பாத்திகள். மறைவுக்கு ஒரு வேலிக்கருவைகூடக் கிடையாது. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. என் அம்மா சந்தனமாரி இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் உப்புச் சுமக்கிறாள். எங்கள் தெருவில் மூன்று பேருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மூன்று பேரும் பெண்கள்.

நான் அளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மீன் ஆய்வு நிலையத்தில் திட்ட உதவியாளர். ஆறு மாத வேலை. தினமும் குறிப்பு எழுத, ஆராய்ச்சியை நடத்தும் சுபாஷினி மேடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். அதில் மீன்களைப் பற்றி மட்டும்தான் எழுதலாம். அதனால் இது இரண்டாவது நோட்டு.

ஏப்ரல் 5

பத்துத் தொட்டிகளைக் கழுவினேன். வடிகட்டியில் பாசி அடைத்திருந்தது. கைவிரல் முழுக்க அந்த வாடை.

மேடத்தின் ஆராய்ச்சி ஜிலேபி மீனைப் பற்றியது. மீன் சந்தையில் யாரும் மதிக்காத மீன். ஆனால் குளத்திலும் வாழும், கடலிலும் வாழும். எப்படி என்பதுதான் கேள்வி.

குளத்து நீரைவிட மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்துகொண்டிருக்கும். குளத்து மீன் தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். புகுந்ததை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றும். இருக்கிற உப்பைக் கசியவிடாமல் காப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். நம் பெண்களுக்குப் பால் சுரக்க வைப்பதும் அதே ஹார்மோன்தான். கடலில் எல்லாம் தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீரைக் கடல் உறிஞ்சும். மீன் ஓயாமல் குடிக்கும். குடித்ததோடு சேர்ந்து வந்த உப்பைச் செவுளில் உள்ள தனி உயிரணுக்கள் வெளியே தள்ளும். அந்த அணுக்களை வளர்ப்பது கார்ட்டிசால். அது பயத்திலும் சுரக்கும். வலையைத் தொட்டிக்குள் விட்டாலே ஏறிவிடும். மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்காவிட்டால் நாம் அளப்பது கடலையா பயத்தையா என்று தெரியாது.

அதனால் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, வால் ரத்தக்குழாயில் ஊசி செலுத்தி எடுக்கிறேன். என் கை வேகமானது என்று மேடம் சொன்னார்.

தொட்டிகளுக்கு மேலே நிழல்வலை கட்டியிருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும்.

ஏப்ரல் 8

அம்மா அளத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். எஸ்தர் சித்தி ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தி பக்கத்து வீடு, அதே அளத்தில்தான் வேலை. கூடையோடு சாய்ந்தாளாம். கங்காணி தவசி அண்ணாச்சி ஓடிவந்து உப்பு சிந்தியதற்குச் சத்தம் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஆளைப் பார்த்தாராம். சித்தி அவரைப் போலவே நடித்துக் காட்டினார். அம்மா படுத்துக்கொண்டே சிரித்தாள்.

பண்ணையிலிருந்து பாலிதீன் பையில் வரும் மீன்கள் துவண்டுபோய் வரும். தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டால் அரை மணியில் நிமிர்ந்துவிடும். அலைச்சலில் அவை இழப்பது உப்பைத்தான். எல்லா மீன் பண்ணையிலும் இதுதான் வழக்கம். அம்மாவும் வியர்வையில் உப்பைத்தான் இழக்கிறாள்.

மாலையில் துணை சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் இருபது வாங்கி வந்தேன். தினமும் அளத்துக்குக் கிளம்பும்போது ஒன்று கலக்கிக் குடி என்று சொன்னேன். எப்படிக் கலக்கவேண்டும் என்று பாக்கெட்டின் பின்னால் எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 9

பாக்கெட் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. புளிப்பாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 12

அம்மா மயங்கவில்லை. அளத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பெண்கள் பாக்கெட் கேட்கிறார்கள். இன்னும் நூறு வாங்கிக்கொண்டு நானே அளத்துக்குப் போய்க் கொடுத்தேன். எட்டுப் பேர் வாங்கினார்கள். “டாக்டரம்மா வாராக, வழி விடுங்கட்டி” என்றார் எஸ்தர் சித்தி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலைக்குத் தாமதமாகும் என்று உடனே கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மீனுக்கு விடுமுறை கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது.

நேற்று பன்னிரண்டு ஜிலேபிகளைக் குளத்து நீரிலிருந்து நேராகக் கடல்நீருக்கு மாற்றினோம். வேறு பன்னிரண்டைப் பாதி உப்புள்ள நீரில் விட்டு, இன்று காலை கடலுக்கு மாற்றினோம். இரண்டாவது கூட்டம் நன்றாக நீந்துகிறது. முதல் கூட்டம் மொத்தமும் செத்துவிட்டது.

அவற்றை அறுத்து எழுதுவது என் வேலை. கண் உள்ளே போயிருந்தது. தோல் செதிலோடு சுருங்கியிருந்தது. தண்ணீருக்குள் இருந்தபடியே காய்ந்து செத்திருக்கின்றன. குடல் நிறையக் கடல்நீர். குடிக்காமல் சாகவில்லை, குடித்துத்தான் செத்திருக்கின்றன. உப்பை வெளியே தள்ள உடம்பு தயாராகும் முன்னால் குடித்தால், குடித்த ஒவ்வொரு வாயும் இன்னும் காயவைக்கும்.

“ஹார்மோன் வேலை செய்ய நேரம் வேணும் கனி. பழக விட்டா மீன் எதையும் தாங்கும்” என்றார் மேடம்.

மீனுக்குச் செவுள் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17

அம்மாவுக்குத் தலைவலி. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிறாள். வெயில் இன்று நூற்று நாலு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள்.

அளத்தில் ஏதோ படிவத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்ன படிவம் என்று கேட்டேன். அம்மாவின் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை. “ரேகை வச்சேன். என்னமோ நல்லதுக்குத்தான்னாரு தவசி” என்றாள்.

படிக்காமல் எதிலும் ரேகை வைக்காதே என்று கத்தினேன். கத்தியபிறகு அது எவ்வளவு மடத்தனமான வாக்கியம் என்று தெரிந்தது.

ஏப்ரல் 20

கடல் தொட்டி, ஏழாம் நாள். ரத்தத்தின் உப்பு கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. புரோலாக்டின் அடியோடு குறைந்துவிட்டது. மேடம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

ஏப்ரல் 22

அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் நின்றால் அப்படித்தான் என்றாள். இரண்டு பாக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

ஏப்ரல் 24

விடியும்போது வாந்தி. நேற்று மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை இன்று காலையில்தான் சொல்கிறாள். எஸ்தர் சித்தியும் நானும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே போனோம். மத்தியானம்தான் கட்டில் கிடைத்தது.

டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். சட்டைப்பையில் மை கசிந்திருந்தது. வலி மாத்திரை சாப்பிடுவாளா, நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டார். நான் டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

ஏப்ரல் 25

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் 6.1. ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும். பொட்டாசியமும் ஏறியிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் ஒரு முறையோ இரண்டு முறையோ செய்யவேண்டும். அதற்குள் சிறுநீரகம் விழித்துக்கொண்டால் தப்பிப்பாள். விழிக்காவிட்டால் ஆயுளுக்கும் இதுதான்.

டாக்டர் மறுபடி அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, “ஒண்ணும் இல்லய்யா. கஞ்சியும் கருவாடும்தான்” என்றாள்.

ஏப்ரல் 26, காலை

நர்ஸ் அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை அளந்து எழுதிக்கொள்கிறார். அதை அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டேன், பாக்கெட்டை எதில் கலக்குவாய் என்று. இவ்வளவு நாள் கேட்காத கேள்வி.

“தம்ளர்ல.”

“ஒரு பாக்கெட்டுக்கு ஒரு தம்ளரா?”

“பின்ன? மருந்து அதே மருந்துதான. கூடத் தண்ணி ஊத்துனா காட்டம் போயிரும்லா. அப்புறம் அவ்வளவையும் குடிச்சிட்டு அளத்துல எங்கட்டி ஓட?”

பக்கத்துக் கட்டில்காரி, ஆமாம், மருந்து கெட்டியாக இருந்தால்தான் கேட்கும் என்றாள்.

ஒரு லிட்டர் என்று நான் சொல்லவில்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். “நீ சொல்லல. நானும் கேக்கல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஊரில் நேற்று மழை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

ஏப்ரல் 26, மாலை

ஆய்வகத்துக்குப் போனேன். ஆஸ்மோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு நீர்மத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும். மீன் ரத்தத்தை அதில்தான் அளக்கிறோம். வீட்டிலிருந்து அம்மாவின் தம்ளரைக் கொண்டுபோயிருந்தேன். அவள் கலக்குவதுபோலவே கலக்கினேன்.

குளத்து ஜிலேபியின் ரத்தம்: 318.
கடல் ஜிலேபியின் ரத்தம்: 341.
பாக்கெட், ஒரு லிட்டரில்: 246.
கடல் தொட்டி நீர்: 1042.
பாக்கெட், அம்மாவின் தம்ளரில்: 1215.

மூன்று முறை அளந்தேன். சர்க்கரையும் சேர்ந்த எண் இது, முழுக்க உப்பல்ல. சமாதானத்துக்காக எழுதி வைக்கிறேன்.

கருவியின் பட்டியலைப் பார்த்த மேடம், கடைசி சாம்பிள் எந்தத் தொட்டி என்று கேட்டார். தொட்டி இல்லை என்றேன்.

இந்நேரம் எட்டுப் பேர் வீட்டில் அதே பாக்கெட் இருக்கிறது. எஸ்தர் சித்திக்குப் போன் செய்து, யாரும் குடிக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 27

டாக்டரிடம் சொன்னேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்டபோது டீ வாங்கப் போயிருந்தேன் என்றேன்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ரெண்டு வாரத்துல வந்த வியாதி இல்ல இது. வருசக்கணக்கா காய்ஞ்ச கிட்னி. இந்தப் பாக்கெட் தப்பான மருந்தும் இல்ல. ஒரு லிட்டர்ல கலந்து குடிச்சிருந்தா இந்த அம்மா இங்க வந்திருக்க மாட்டாங்க” என்றார். தம்ளரில் குடித்ததுதான் கடைசியாகப் பிடித்துத் தள்ளியது என்றும் சொன்னார். கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘மகள் கொடுத்தது’ என்ற வார்த்தைகள் அதில் இல்லை.

ஏப்ரல் 28

இரண்டாவது டயாலிசிஸ். மாலையில் இருநூறு மில்லி சிறுநீர். நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினார். எஸ்தர் சித்தி கைதட்டினார்.

ஏப்ரல் 30

அளத்தில் கழிப்பறை இல்லை என்று புகார் கொடுக்கத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி இல்லை. அவர் வருவதற்கு வாய்ப்பில்லை என்று பியூன் நல்ல மனதோடு சொன்னார். ஒரு பெண் எழுத்தர் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் புகார் தவறு என்றார். காட்டினார். மகளிர் கழிப்பறை: ஒன்று. நிலை: நன்று. பயன்பாட்டில் உள்ளது. கீழே தொழிலாளர்களின் ஒப்புதல் என்று இருபது ரேகைகள். இந்த மாதத் தேதி.

அதில் அம்மாவுடையது எது என்று தெரியவில்லை. எல்லா ரேகைகளும் உப்புத் தின்று தேய்ந்து ஒன்றுபோல இருந்தன.

ஆஸ்பத்திரிக்கு வந்து எஸ்தர் சித்தியிடம் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். “பொய் இல்லட்டி, கக்கூஸு இருக்கு. அந்தப் பம்புசெட் ரூமு இருக்குல்லா, அதக் கக்கூஸுன்னுதான் கட்டுனாக. நாங்களும் ஒரு வாரம் போனோம். பெறவு மோட்டார யாரும் களவாண்டுருவாகன்னு உள்ள வச்சுப் பூட்டிட்டாரு தவசி. பதினோரு வருசமா அதுக்குள்ள மோட்டாருதான் போவுது.”

அம்மாவும் சிரித்தாள். கழுத்துக் குழாய் அசைந்ததால் நர்ஸ் அதட்டினார்.

நான் சிரிக்கவில்லை. போக இடமே இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது தவறு. இடம் இருக்கிறது. பூட்டியிருக்கிறது.

மே 3

குழாயை எடுத்துவிட்டார்கள். கிரியாட்டினின் 2.4. பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. இன்னும் ஒரு முறை இப்படிக் காய்ந்தால் திரும்பவே திரும்பாது. நாள் முழுக்க, தாகம் எடுக்கும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கவேண்டும். டாக்டர் இதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னார். அம்மா மூன்று முறையும் தலையாட்டினாள்.

ஆட்டோவில் வரும்போது, திங்கட்கிழமை அளத்துக்குப் போகிறேன் என்றாள்.

நான் சொன்னதை எல்லாம் எழுதத் தேவையில்லை. அவள் சொன்னது ஒன்றுதான். “ஒனக்கு ஆறு மாசம். அது முடிஞ்சா ரெண்டு பேரும் எதப் பாத்து ஒக்காந்திருக்க? நான் குடிக்கேம்மா. வீட்டுக்கு வந்து நல்லாக் குடிக்கேன்.”

மே 4

மேடம் கட்டுரையின் முதல் வரைவைக் கொடுத்தார். பிழை திருத்தவேண்டும். படிப்படியாக மாற்றினால் இந்த இனம் கடும் உப்பையும் தாங்கும் என்பது முடிவு. சரியான முடிவு. அடியில் நன்றி சொல்லும் பகுதியில் என் பெயரும் இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

மே 6

அம்மாவோடு அளத்துக்குப் போனேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அவள் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மூடி திறக்கவில்லை.

எட்டு மணிக்குப் பெண்கள் காலைச் சோறு தின்ன உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். பாக்கெட் வாங்கிய எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆண்களும் சிலர் இருந்தார்கள். தவசி அண்ணாச்சி குடையை மடக்கி பைக்கில் சாத்திவிட்டு, என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார். நல்லதாகப் போயிற்று.

பாக்கெட்டைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். எவ்வளவு தண்ணீரில் கலக்கவேண்டும் என்று சொல்லவில்லை, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். தம்ளரில் கலக்கினால் அது கடல் தண்ணீரைவிட மோசம், மீன்கூட அதைக் குடித்தால் செத்துப்போகும் என்றேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது அதனால்தான். டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. ஆய்வகத்தில் எண்களைப் படிப்பதுபோல் படித்துவிட்டேன்.

ஒருத்தி, தனக்கும் இரண்டு நாள் தலை சுற்றியது என்றாள். இன்னொருத்தி மடியிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் சித்திதான் கேட்டார். “அப்ப ஒரு பாக்கெட்டுக்கு எம்புட்டுத் தண்ணிட்டி?”

“ஒரு லிட்டர்.”

“ஒரு லிட்டரா? அதக் குடிச்சிட்டு எங்க ஒதுங்க? ஒன் மீன் தொட்டிக்குள்ளயா?”

பெண்கள் சிரித்தார்கள். தவசி அண்ணாச்சியும் சிரித்தார். நேரமாகுது, எழுந்திருங்கள் என்றார். பதினொரு மணிக்கு லாரி வந்துவிடும், கதை பேச வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்னிடம், அளத்துக்குள் வெளியாள் வரக்கூடாது, முதலாளிக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று தன்மையாகவே சொன்னார்.

நான் பம்புசெட் அறையைப் பார்த்தேன். அம்பாரத்திலிருந்து நாற்பது அடி இருக்கும். கதவில் நீலப் பெயின்ட். பூட்டு பெரிது.

அம்மா எழுந்து நின்றாள். வேலைக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். பாட்டில் மூடியைத் திறந்தாள். எல்லோரும் பார்க்க, நின்றபடி, அண்ணாந்து குடித்தாள். பாதிக்கு மேல் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அளத்துக்குள் வைத்து அவள் குடிப்பதை இன்றுதான் பார்க்கிறோம் என்று பிறகு சித்தி சொன்னார். பாட்டிலை எஸ்தர் சித்தியிடம் நீட்டினாள். சித்தி கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் குடித்தார். ஆண்கள் பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்தை ஒருத்தி போய் எடுத்து வந்தாள்.

கூடைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவோடு சேர்த்து ஒன்பது பெண்களும் பம்புசெட் அறை வாசலில் போய் நின்றார்கள்.

தவசி அண்ணாச்சி செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். யாரோடும் பேசவில்லை. மறு கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோய், அங்கே தொங்கிய வளையத்தைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி,” என்றாள் அம்மா, “சாவியக் குடுங்க.”